சமையலறையில் ஒரு மஞ்சள் குற்றவாளி

துப்பறிவாளர் இந்தத் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து ஒரு கொலை கேஸாவது வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். வந்ததெல்லாம் காணாமல் போன பூனை, காணாமல் போன பைக் சாவி, காணாமல் போன மாப்பிள்ளை. பூனை தானாகவே வீடு திரும்பியது. சாவி பைக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு இன்றுவரை பெண் வீட்டார் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அன்று காலை டீச்சரம்மா ஒருவர் உள்ளே வந்து, "என் வீட்டுல ஒரு உயிர் போகப்போகுது சார்" என்றபோது, பாவி மனுஷன் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"யாரு உயிர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்த குரல் அது.

"என் வீட்டுக்காரரோட உயிர்."

"யார் மேல சந்தேகம்?"

"என் வீட்டுக்காரர் மேலதான்."

மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த உதவியாளர் நிமிர்ந்து பார்த்தாள். துப்பறிவாளரின் அக்கா மகள். நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டு, மாமாவோடு சேர்ந்தால் பொழுதாவது போகும் என்று வந்து சேர்ந்தவள். வாயைத் திறந்தால் குத்துவாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு ஊசி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"சாகப்போறவரும் அவரு, சாகடிக்கப்போறவரும் அவரா? ரொம்பச் சிக்கனமான கேஸா இருக்கே மாமா."

"சும்மா இரு" என்றார் துப்பறிவாளர். "நீங்க சொல்லுங்கம்மா."

டீச்சரம்மா சொன்னார். கணவர் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருப்பவர். ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைக்கிற ஆள். போன வருஷம் இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் ஒன்றே ஒன்று பிடித்தாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றோடு விட்டுவிட்டதாக அச்சகக்காரர் சத்தியம் செய்தார். டீச்சரம்மாவும் நம்பினார். ஆனால் ஆபரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெள்ளை பெயிண்ட் அடித்த சமையலறை அலமாரிகள், மாதம் போகப் போக மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன.

"அந்த மஞ்சளை எனக்கு நல்லாத் தெரியும் சார். எங்க அப்பா பிடிச்சுப் பிடிச்சு அவரு ரூம் சுவரெல்லாம் அப்படித்தான் பழுத்துக் கிடந்துச்சு. அவரும் விட்டுட்டேன், விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாரு." டீச்சரம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "ஆபரேஷன் அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல தனியா உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை அப்படி உட்கார என்னால முடியாது. அவரு திருட்டுத்தனமாப் பிடிக்கிறாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, என் தங்கச்சி வீட்டுக்கே போயிடப்போறேன். கண் முன்னால சாகிறதைப் பாக்க மாட்டேன். ஆமாவா இல்லையா, அது மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

துப்பறிவாளர் கொலை கேஸ் வேண்டும் என்று ஏங்கியதற்கு மனசுக்குள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

*

அலமாரிக்கு அளவெடுக்க வந்தவர்கள் என்ற வேஷத்தில் மறுநாள் இருவரும் டீச்சரம்மா வீட்டுக்குள் நுழைந்தார்கள். வேஷம் கச்சிதம் என்பது துப்பறிவாளரின் கருத்து. காதில் பென்சில், கையில் அளவு டேப், தோளில் ஒரு துண்டு.

"மாமா, பென்சிலுக்கு முனையே இல்ல" என்று ஊசி காதோடு சொன்னாள்.

"எழுதினாத்தானே முனை வேணும்?"

சமையலறை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. பட்டப்பகலிலும் டியூப் லைட் போட்டால்தான் உள்ளே போக முடியும். ஜன்னல் சாத்தி, மேலே கனமான திரையும் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் அலமாரிகள். ஒரு காலத்தில் வெள்ளை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். அப்படி ஒரு மஞ்சள். அடுப்புக்கு மேலே இருந்த கதவுகள் இன்னும் மோசம், கைப்பிடியைச் சுற்றிப் பழுப்பே ஏறியிருந்தது. பின்வாசல் கதவில் பெரிய கண்ணாடி பதித்திருந்தது. அதை ஒட்டி இருந்த ஒரே ஒரு அலமாரிக் கதவு மட்டும் வெள்ளைவெளேர் என்று நின்றது.

துப்பறிவாளர் மூளையில் பொறி தட்டியது. "பாத்தியா? பின்வாசல்ல நின்னு பிடிச்சா கண்ணாடி வழியாப் பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துடுவாங்க. அதனால அடுப்பு மூலையில ஒதுங்கி நின்னு பிடிச்சிருக்காரு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டா வாசனையும் போயிடும். பக்காத் திட்டம்!"

"நீங்க பிடிச்சா அப்படித்தான் பிடிப்பீங்களா மாமா?"

"குற்றவாளி மாதிரி யோசிக்கணும். அதுதான் தொழில்."

"யோசிக்கிறீங்களா, மாட்டிக்கிறீங்களான்னே தெரியல."

அந்த நேரம் பார்த்து அச்சகக்காரர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். நகக்கண்களில் மை. இரண்டடி எடுத்து வைத்தால் ஒரு மூச்சு நிதானித்துக்கொள்கிற நடை.

"அளவெடுக்க வந்தவங்களா? டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றார் தன்மையாக.

துப்பறிவாளர் அசடு வழிந்தார். டேப்பைத் திருப்பிப் பிடிக்கப் போனபோது அது படாரென்று உள்ளே சுருண்டு அவர் கட்டைவிரலைக் கடித்தது. ஊசி அவசரமாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது.

அச்சகக்காரர் கூடத்துக்குப் போனதும் சோதனை ஆரம்பமாகியது. வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சம் கலந்து, அதில் துண்டை நனைத்து, அடுப்புக்கு மேலே இருந்த கதவைத் துடைத்தார். துண்டு பழுப்பாகி, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

"நிக்கோடின்!" என்றார், புதையல் எடுத்தவர்போல.

ஊசி துண்டை வாங்கி முகர்ந்தாள். "பொரிச்ச எண்ணெய் மாமா. அடுப்புக்கு மேல இருந்தா எண்ணெய்ப் புகை படியத்தான் செய்யும். கைப்பிடியில இருக்கிறது கை அழுக்கு. நம்ம வீட்டு அலமாரியைத் துடைச்சாலும் இதேதான் வரும். துடைச்சிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்."

துப்பறிவாளர் தன் வீட்டு அலமாரியை ஒருநாளும் துடைத்ததில்லை. அந்தப் பேச்சை வளர்க்க அவர் விரும்பவில்லை. பிசுக்கு போன இடத்தைக் கூர்ந்து பார்த்தார். பழுப்பு போயிருந்தது. அடியில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"பிசுக்கு எண்ணெய்தான், ஒத்துக்கிறேன். அப்போ அடியில இருக்கிற மஞ்சள்?"

இதற்கு ஊசியிடம் பதில் இல்லை. அவள் பதில் இல்லாமல் நிற்பது வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. அந்தப் போதை துப்பறிவாளர் தலைக்கு ஏறிவிட்டது. அவர் கண் எதிர் அலமாரிக் கதவில் தொங்கிய மாதக் காலண்டர் மேல் விழுந்தது. அச்சகக்காரரே அச்சடித்தது. டீச்சரம்மாவைக் கேட்டார். போன வருஷ முடிவில் மாட்டியது, மாதத் தாளைத் திருப்புவதோடு சரி, இடத்தைவிட்டு எடுத்ததே இல்லை என்று பதில் வந்தது.

போதுமே! சிகரெட் பிடிப்பவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால் அடியில் மட்டும் சுவர் பளிச்சென்று இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காலண்டருக்கு அடியில் வெள்ளைச் சதுரம் இருந்தால் கேஸ் முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் காலண்டரை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்திருப்பான். நம் ஆளுக்கு அந்தப் புத்தி எங்கே வந்தது? சபையைக் கூட்டினார்.

*

அச்சகக்காரர், டீச்சரம்மா, ஊசி மூவரும் சமையலறையில் நிற்க, துப்பறிவாளர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். வேஷம் கலைகிறதாம்.

"சார், நான் அளவெடுக்கிறவன் இல்ல. தனியார் துப்பறிவாளர்."

"தெரியும்" என்றார் அச்சகக்காரர். "உங்க விசிட்டிங் கார்டை நான்தான் அடிச்சேன். அதுல துப்பறிவாளர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னு நீங்க போன்ல கத்தினது இன்னும் காதுலயே இருக்கு."

ஊசிக்கு இருமல் வந்தது. துப்பறிவாளர் அதைக் கவனிக்காதவர்போல் தொடர்ந்தார். "இந்த மஞ்சள், புகை ஏறின மஞ்சள். புகை பட்ட இடம் மஞ்சளாகும். படாத இடம் வெள்ளையா நிக்கும். இந்தக் காலண்டருக்கு அடியில பல மாசமாப் புகை போயிருக்க வழியே இல்ல. இப்போ பாருங்க!"

கையை ஒரு வீசு வீசிக் காலண்டரைக் கழற்றினார்.

அடியில் சதுரம் இருக்கத்தான் இருந்தது. சுற்றிலும் இருந்ததைவிட இன்னும் ஆழமான மஞ்சளாக.

துப்பறிவாளர் காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். மஞ்சள்தான். தன் மானம் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகப் பறந்து போவது அவருக்குக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

"காலண்டருக்குப் பின்னால நின்னு பிடிச்சிருப்பாரோ?" என்றாள் ஊசி.

அச்சகக்காரர் சிரிக்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளை வச்சு வேவு பாக்கிற அளவுக்கு வந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். டீச்சரம்மா தலை குனியவில்லை.

துப்பறிவாளருக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனால் கால் நகரவில்லை. இப்படியே விட்டுவிட்டுப் போனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றபடியே பிரிந்து போவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் பேசுவதை நிறுத்திவிட்டு யோசித்துப் பார்த்தார்.

ஒரு அலமாரிக் கதவைத் திறந்தார். உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மஞ்சள். இன்னொன்றைத் திறந்தார். அதுவும் அப்படித்தான்.

"புகை போக வழியில்லாத இடமெல்லாம் அதிக மஞ்சள்" என்று முணுமுணுத்தார். "அப்போ மஞ்சளாக்கினது புகையே இல்ல. மூடியிருக்கிற இடத்துக்குப் புகை மட்டுமா போகல? வேற என்ன போகல?"

ஊசியின் பார்வை பின்வாசல் பக்கம் போனது. கண்ணாடி வழியாக வெயில் விழுந்து, அந்த ஒற்றைக் கதவு மட்டும் பாலாக மின்னிக்கொண்டிருந்தது. "வெளிச்சம்!" என்றாள். "மாமா, வெளிச்சம் போகல!"

துப்பறிவாளர் பட்டென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார்.

அவர் துப்பறிய வருவதற்கு முன் தோற்ற வேலைகள் பல. அதில் ஒன்று பெயிண்ட் கடை. அங்கே புகார் சொல்ல வருபவர்களைச் சமாளிப்பதுதான் அவர் வேலை. வெள்ளை எண்ணெய் பெயிண்ட் மஞ்சளாகிப்போச்சு என்று யாராவது வந்தால், ஜன்னலைத் திறந்து வைங்க, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. ஆளைத் துரத்துவதற்காகச் சொல்லும் பொய் என்று நினைத்துக்கொண்டே அதைப் பலபேரிடம் சொன்னார். ஒருவரும் திரும்பி வரவில்லை. தன் பேச்சுச் சாமர்த்தியம் என்று அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டார். நிஜமாகவே வெளுத்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தச் சமையலறையில் வைத்துத்தான் தோன்றுகிறது.

"ஏய், உன் பையில நகப்பூச்சு அழிக்கிற மருந்து இருக்குமே, எடு."

பஞ்சில் அதை நனைத்துக் கதவின் ஓரத்தில் தேய்த்தார். பெயிண்ட் கொஞ்சங்கூடக் கரைந்து வரவில்லை. "தண்ணியில கலக்கிற பெயிண்டா இருந்தா இதுக்குக் கரைஞ்சு பஞ்சுல ஒட்டியிருக்கும். இது எண்ணெய் பெயிண்ட். இருட்டுல கிடந்தா அதுவே மஞ்சளாயிடும். யாரும் பிடிக்க வேண்டாம், ஊத வேண்டாம். இருட்டு போதும்." டீச்சரம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு வச்சிருக்கீங்க. யாரு போட்டது?"

டீச்சரம்மாவின் முகம் மாறியது.

"நான்தான்" என்றார். "எதிர்ல ஒரு பெட்டிக்கடை இருக்கு. சாயங்காலமானா இவரோட கூட்டாளிங்க அங்கதான் நின்னு பிடிப்பாங்க. தண்ணி குடிக்க வந்தாலும் இவரு கண்ணு அங்கதான் போகும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே சாத்திட்டேன். அந்தக் கடைப் பக்கமே இவரை விடல."

"அலமாரியை எதைப் போட்டுத் துடைக்கிறீங்க?"

டீச்சரம்மா தொட்டிக்கு அடியிலிருந்து கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தை எடுத்துக் கொடுத்தார். துப்பறிவாளர் மூடியைத் திறந்து தொழில் முறைப்படி ஆழமாக முகர்ந்தார். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அமோனியா" என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "எண்ணெய் பெயிண்டுக்கு இது ஆகவே ஆகாது. இன்னும் சீக்கிரமா மஞ்சளாக்கும். எப்பவாச்சும் துடைப்பீங்களா?"

"தினமும். அடுப்புக்கு மேல எண்ணெய்ப் பிசுக்குன்னு விட்டுடுவேன், மத்ததையெல்லாம் ராத்திரி துடைச்சு வச்சுட்டு, காலையில புதுசா மஞ்சள் ஏறியிருக்கான்னு பாப்பேன்." டீச்சரம்மாவின் குரல் தேய்ந்தது. "ஏறித்தான் இருக்கும்."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நானா? நானேவா பண்ணினேன்?"

துப்பறிவாளருக்குத் தான் கேஸைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே தோன்றவில்லை. சந்தோஷமும் வரவில்லை. கட்டைவிரல் மட்டும் வலித்தது.

டீச்சரம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏன் ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்லல? நான் பிடிக்கலடின்னு ஒரு சண்டை போட்டிருக்கலாமே?"

"சொன்னேனே" என்றார் அச்சகக்காரர். "நீ முறைச்சே. அதே வார்த்தையைத்தானே அத்தனை வருஷமும் பொய்யாச் சொன்னேன்? விட்டுட்டேன், விட்டுட்டேன்னு. இந்தத் தடவை நிஜமாச் சொல்றப்பவும் எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டுச்சு. உன்னை என்னன்னு கோவிச்சுக்கிறது?"

டீச்சரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி எக்ஸாஸ்ட் ஃபேனை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறிவாளர், இந்த மாதிரி நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஜாதி. ஆகவே வைத்தியத்தில் இறங்கினார்.

"முதல்ல அந்த நீலத் தண்ணியைத் தூக்கிப் போடுங்கம்மா. வெந்நீர்ல பாத்திர சோப்பு, போகாத இடத்துக்குச் சமையல் சோடாவைக் கூழாக் குழைச்சு மெல்லத் தேய்ங்க. அழுத்தித் தேய்ச்சா பெயிண்ட் மங்கிடும். அப்புறம் ஜன்னலைத் திறந்து விடுங்க. கதவுகளையும் நடுநடுவுல திறந்து வைங்க. சில வாரத்துல கொஞ்சம் வெளுக்கும். முழுசா வெளுக்கலன்னா உப்புத்தாள் போட்டு லேசாத் தேய்ச்சு, கறை மேல வராம தடுக்கிற பிரைமர் ஒரு கை அடிச்சு, மேல தண்ணியில கலக்கிற வெள்ளை பெயிண்ட் அடிக்கணும். அது இப்படிப் பழுக்காது. சார் உப்புத்தாள் தேய்க்கிறப்போ முகமூடி போட்டுக்கணும், தூசி ஆகாது."

"மாமா, இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நிக்கோடின்னு கத்தினீங்க?"

"ஞாபகம் வர நேரமாகும்ல?" என்றார் துப்பறிவாளர்.

டீச்சரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒதுக்கிக் கதவைத் தள்ளினார். துருப்பிடித்த கீல் முனகித் திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அலமாரிகள் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தன. தெருவுக்கு எதிரே பெட்டிக்கடை. முன்னால் இரண்டு பேர் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அச்சகக்காரர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

டீச்சரம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு தொட்டியருகே போய் சோப்பு டப்பாவை எடுத்தார். அரை டப்பாவுக்கு மேல் இருந்ததைத் துப்பறிவாளர் கண்ணால் பார்த்தார்.

"சோப்பு தீர்ந்துபோச்சுங்க" என்றார் டீச்சரம்மா. "எதிர்க் கடையில வாங்கிட்டு வந்துடுங்க."

"நானா?"

"ஆமா. நீங்கதான்."

அச்சகக்காரர் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வாசல் கேட் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. துப்பறிவாளரின் கால்கள் தொழில் பழக்கத்தில் தாமாகவே ஜன்னலை நோக்கி நகர்ந்தன.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க சார்."

டீச்சரம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். துப்பறிவாளரும் திரும்பி நின்றார். ஊசியும் திரும்பினாள். மூன்று பேரும் மஞ்சள் அலமாரியைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். எதிர்க் கடையில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். அச்சகக்காரரின் குரல் என்னவோ சொன்னது. மறுபடியும் சிரிப்பு. பிறகு சத்தமே இல்லை.

ஒரு சோப்பு வாங்க இவ்வளவு நேரம் ஆகாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஊசி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீச்சரம்மா நனைந்த துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கேட் திறந்தது. நிதானமான காலடிகள் வந்தன. அச்சகக்காரர் கையில் சோப்போடு, மூச்சு வாங்க வாசல்படியில் நின்றார்.

"நேரமாயிடுச்சு" என்றார். "அவனுங்க விடவே இல்ல. நானு..."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் டீச்சரம்மா. துண்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவர் கையில் கொடுத்தார்.